ஏரிக்குள் இறங்கிய ஏரோப்பிளானும் எங்கள் அத்தையும்

எங்கள் ஏரியில் தண்ணீர் நின்ற வருஷங்களைவிட வண்டல் அள்ளிய வருஷங்களே அதிகம். மல்லசமுத்திரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் கிடந்த அது பேருக்குத்தான் ஏரி. ஐப்பசியில் கணுக்கால் நனையத் தண்ணீர் வந்துவிட்டால் அந்த வருஷம் நல்ல வருஷம். சித்திரை பிறக்கும்போது அடிமண் வெடித்துப் பாளம் பாளமாகக் கிடக்கும். சுற்றுப்பட்ட தோட்டத்துக்காரர்கள் எல்லாம் கட்டைவண்டிகளை ஓட்டிக்கொண்டு வந்து அந்த வண்டலை வெட்டித் தங்கள் காட்டில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். ஏரி மண் விழுந்த காட்டில் சோளம் ஆளை மறைக்கும் என்று அப்பா சொல்வார்.

சண்டை முடிந்து, வெள்ளைக்காரர்கள் போய், பள்ளிக்கூடத்தில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்தார்களே, அதற்கு அடுத்த கோடையில்தான் அந்த ஏரிக்குள் ஏரோப்பிளான் விழுந்தது. எனக்கு ஒன்பது வயது.

அம்மா பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருந்தாள். என்னையும் கூட்டிப் போயிருக்கலாம். ஆனால் புது இடத்தில் நான் யாரோடும் பேசாமல் மூலையில் ஒட்டிக்கொண்டு பட்டினி கிடப்பேன் என்று அவளுக்குத் தெரியும். அதனால் அத்தையை வரவழைத்து, என்னை அவள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனாள். அத்தை அப்பாவுக்கு மூத்தவள். பக்கத்துத் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டவள். அதோடு அவள் அருமைக்காரி. எங்கள் பக்கத்தில் கல்யாணச் சீர்களை முன்னால் நின்று நடத்திவைக்கிற மூத்த சுமங்கலிக்கு அந்தப் பெயர். அவள் கை படாமல் எங்கள் சுற்றுவட்டாரத்தில் ஒரு தாலியும் ஏறியதில்லை. ஆரத்தித் தட்டைப் பிடித்துக்கொண்டு அவள் நின்றால் மாப்பிள்ளையின் தாத்தாவும் தலையைக் குனிவார். எனக்கு அதில் பெரிய பெருமை. என் பங்குக்கு நானே ஏதோ செய்துவிட்டது போல நிமிர்ந்து நிற்பேன்.

அன்று காலை வெயில் ஏறிய நேரத்தில் நான் அப்பாவுக்குக் கம்மஞ்சோறும் மோரும் எடுத்துக்கொண்டு ஏரிக்குள் போயிருந்தேன். எங்கள் வீடு ஏரிக்கரைக்கு அந்தப் புறம்தான். கூப்பிட்டால் கேட்கும். அப்பாவோடு மண் வெட்டிக்கொண்டிருந்தவர் அவருடைய பங்காளி. எனக்குச் சித்தப்பா முறை. அவர் பிள்ளைகளும் வந்திருந்தார்கள். சித்தப்பாவுக்கு வாய் ஓயாது. மண்வெட்டி ஓய்ந்தாலும் ஓயாது.

ஏரோப்பிளான் எங்களுக்குப் புதிதில்லை. சண்டைக் காலத்தில் வரிசையாகப் போவதைப் பார்த்திருக்கிறோம். ஆனால் அவை கழுகு உயரத்தில், விரல் அளவில் போகும். நாங்கள் கையை ஆட்டுவோம். அவர்கள் பார்த்தார்களா என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

இது அப்படி வரவில்லை. முதலில் சத்தம் வந்தது. மில்லில் எஞ்சின் நின்றுபோவதற்கு முன்னால் இருமுமே, அப்படி ஓர் இருமல். நிமிர்ந்து பார்த்தால், திருச்செங்கோட்டு மலைக்கு இந்தப் பக்கம், பனைமரங்களுக்குக் கொஞ்சம் மேலே, வெயிலில் வெள்ளியாக மின்னிக்கொண்டு அது வந்துகொண்டிருந்தது. ஒரு பக்கத்து விசிறி சுற்றியது. மறு பக்கத்து விசிறி அசையாமல் நின்றது. அதன் பின்னால் கறுப்புப் புகை வால் போல நீண்டது.

“அண்ணா, என்னுங்க இது? நம்ம ஏரியப் பாத்து வாராப்புல இருக்குது!” என்றார் சித்தப்பா.

அப்பா ஒரே பாய்ச்சலாக வண்டிக்கு ஓடினார். “மாட்டை அவுத்து உடுங்கடா! வண்டி போனாப் போகுது, மாட்டை அவுத்து உடுங்க!”

ஏரிக்குள் இருந்த அத்தனை வண்டிக்காரர்களும் நுகத்தடிகளைத் தூக்கி எறிந்தார்கள். மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு நாலு திசைக்கும் பறந்தன. நான் ஓடவில்லை. மோர்ச் சட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்தில் நின்றேன். பயத்தால் இல்லை. அது எவ்வளவு பெரியது என்று பார்த்து முடியவில்லை. வயிற்றில் எழுத்தெல்லாம் எழுதியிருந்தது. ஜன்னல் இருந்தது. ஜன்னலுக்குள் ஒரு முகம் இருந்தது!

அந்த முகம் என்னைக் கடந்து போனது. பிறகு ஏரியே அதிர்ந்தது. வயிற்றால் மண்ணைத் தேய்த்துக்கொண்டு, வண்டல் பாளங்களை வாரி இறைத்துக்கொண்டு, அது எங்கள் வண்டியின் மேல் ஏறியது. ஒரு பக்கத்து இறக்கை கிழிந்து தொங்கியது. அரைவட்டம் சுற்றி, புழுதிக்குள் மறைந்து நின்றது. அதன் பிறகு ஒரு சத்தமும் இல்லை. எங்கள் வண்டிச் சக்கரம் ஒன்று மட்டும் தனியாகக் கழன்று வெகுதூரம் உருண்டு போய்க்கொண்டே இருந்தது.

விஷயம் பிற்பாடுதான் தெரிந்தது. கோயமுத்தூரிலிருந்து பட்டணத்துக்குப் போகிற பிரயாணிகள் விமானமாம் அது. கிளம்பி மேலே ஏறிய கொஞ்ச நேரத்திலேயே ஓர் எஞ்சின் எண்ணெய் கக்கி நின்றுவிட்டதாம். திரும்பலாமென்றால் மேற்கே கோடைமழை கறுத்து வழியை அடைத்துவிட்டதாம். மீதி ஓர் எஞ்சினோடு சேலத்துப் பக்கம் எங்காவது மட்டமான இடம் கிடைக்குமா என்று தேடி வந்த ஓட்டுகிறவர் கண்ணில் எங்கள் காய்ந்த ஏரி பட்டிருக்கிறது. அந்த வருஷம் மழை ஏமாற்றியதை எங்கள் ஊரில் யாரும் நல்லதாகச் சொன்னதில்லை. விமானக்காரர்கள் சொல்லியிருப்பார்கள்.

அப்போது எங்களுக்கு இதெல்லாம் எங்கே தெரியும்? எல்லோரும் ஓடினோம். கதவை எப்படித் திறப்பது என்று யாருக்கும் புரியவில்லை. சித்தப்பா கடப்பாரையைப் போட்டு நெம்பினார். உள்ளேயிருந்தும் யாரோ உதைத்தார்கள். கதவு திறந்ததும் ஒவ்வொருவராக வந்தார்கள். பட்டுப் புடவை கட்டிய பட்டணத்து அம்மாள் ஒருத்தி, நெற்றியில் ரத்தத்தோடு. கோட்டுப் போட்ட வியாபாரி ஒருவர், ஒற்றைச் செருப்போடு. இன்னும் சிலர். எல்லோர் முகத்திலும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெளுப்பு. அவர்களுக்குத் தமிழ் தெரிந்திருக்கலாம், ஆனால் யாருக்கும் பேச்சு வரவில்லை. அப்பாவும் மற்றவர்களும் கையைப் பிடித்து இறக்கி, நல்லபடியாக இருந்த இறக்கையின் நிழலில் உட்கார வைத்தார்கள். ஏரிக்குள் வேறு நிழல் இல்லை.

கடைசியாக ஓட்டுகிறவர் வந்தார். வெள்ளைச் சட்டை, தோளில் பட்டை. வெள்ளைக்காரர் இல்லை, வடக்கத்திக்காரர். ஒரு காலை இழுத்து இழுத்து நடந்தார். வெளியே வந்தவர் மறுபடி உள்ளே போனார். அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவர் மூக்குப் பக்கம் நசுங்கியதில் மாட்டிக்கொண்டிருந்தார். நாலைந்து பேர் அவரோடு உள்ளே போய்ப் போராடினார்கள். அந்த மனிதர் பிழைக்கவில்லை. பெரியவர்கள் அதை எங்களுக்குச் சொல்லவில்லை.

பிள்ளைகளாகிய எங்களுக்கோ அது நோம்பி, திருவிழா! ஊரே ஓடி வந்துகொண்டிருந்தது. விமானத்தைத் தொட்டவர்கள், தொடாதவர்கள் என்று நாங்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தோம். நான் முதல் கட்சி. உள்ளங்கையை வைத்தால் தகரம் சுட்டது. கிழிந்த இறக்கைப் பக்கம் போனால் அதிலிருந்து தண்ணீர் மாதிரி ஏதோ ஊற்றிக்கொண்டிருந்தது. மண் வெடிப்புகளுக்குள் புகுந்து, விமானத்துக்கு அடியிலேயே ஓடிக்கொண்டிருந்தது.

சித்தப்பா அதைப் பார்த்துவிட்டு, “பயந்து போயி ஒண்ணுக்கு உட்டுருச்சுடா பாவம்!” என்றார். பயத்தில் இருந்தவர்கள்கூடச் சிரித்துவிட்டார்கள்.

அது பெட்ரோல். இன்றைக்குக் கைக்குழந்தைக்கும் அந்த வாசனை தெரியும். எங்கள் ஊர் வழியே போன ஒரே பஸ் அந்தக் காலத்தில் கரியை எரித்து ஓடியது. எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் விளக்குக்கு ஊற்றும் சீமெண்ணெய்தான். இது அதுபோலக் கையில் பிசுபிசுக்கவில்லை. தொட்டால் சில்லென்று குளிர்ந்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மறைந்து போனது. சித்திரை வைகாசி வெயிலில் இப்படி ஒரு குளிர்ச்சியை நாங்கள் கண்டதே இல்லை. சித்தப்பாவின் பிள்ளைகள் கையிலும் காலிலும் பூசிக்கொண்டார்கள். எனக்குப் பாவாடை இருந்ததால் வசதி. முன்பக்கம் முழுக்க நன்றாக நனைத்து, பிழிந்து பிழிந்து காலில் விட்டுக்கொண்டேன். மறுபடி நனைத்தேன். தலை கொஞ்சம் கிறுகிறுத்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

இந்த நேரத்தில் அத்தை வந்து சேர்ந்தாள். வந்ததும் அவள் அழவுமில்லை, வேடிக்கை பார்க்கவுமில்லை. முந்தானையைக் கிழித்துப் பட்டணத்து அம்மாளின் நெற்றியைக் கட்டினாள். நான் கொண்டு வந்த மோரை எடுத்து எல்லோருக்கும் ஒவ்வொரு வாய் கொடுத்தாள். பிறகு அவர்களை வீட்டுக்குக் கூட்டிப் போகலாம் என்று அப்பா சொன்னபோது தடுத்துவிட்டாள்.

“செத்துப் பொழச்சு வந்திருக்கறாங்க தம்பி. சும்மா ஊட்டுக்குள்ள கூட்டிட்டுப் போறதா? ஆரத்தி சுத்தாம ஒருத்தரும் ஓரடி வெக்கப்படாது.”

“அக்கா, வெயிலு…”

“வெயிலு எங்க போகுது? சித்த இருங்க, வந்தர்றேன்.”

அருமைக்காரி சொன்னால் சொன்னதுதான். அப்பா துண்டால் அவர்களுக்கு விசிறினார். அத்தை கரையேறி வீட்டுக்கு ஓடினாள். கொஞ்ச நேரத்தில் பெரிய பித்தளைத் தட்டோடு திரும்பி வந்தாள். மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த செக்கச் சிவந்த தண்ணீர். அதன் மேல் ஒரு வெற்றிலை. வெற்றிலை மேல் கட்டிச் சூடம். இடுப்பில் தீப்பெட்டி.

ஏரிக்குள் காற்று வீசியது. தூரத்தில் கிடந்த ஒரு வண்டியின் மறைவில் குனிந்து குச்சியைக் கிழித்தாள். அணைந்தது. இன்னொன்றும் அணைந்தது. பெண்கள் சுற்றி நின்று மறைத்துக்கொண்டார்கள். பிறகு சூடம் பற்றிக்கொண்டது. அத்தை ஒரு கையால் சுடரை மறைத்துக்கொண்டு, இறக்கை நிழலில் உட்கார்ந்திருந்தவர்களை நோக்கி நடந்து வந்தாள். வெயிலில் அந்தச் சுடர் கண்ணுக்கே தெரியவில்லை. புகை மட்டும் தெரிந்தது.

“எல்லாருத்தையும் கெழக்கப் பாத்து நிக்கச் சொல்லுங்க” என்று சத்தம் போட்டாள். பிறகு என்னைப் பார்த்தாள். “அம்மிணி! இங்க வா சாமி! பாவாடைய விரிச்சுக் காத்தை மறைச்சுட்டே எங்கூட வா.”

இத்தனை பேர் நடுவில் அத்தை என்னைக் கூப்பிட்டாள்! ஆரத்திக்குத் துணை நிற்க என்னைக் கூப்பிட்டாள்! சித்தப்பாவின் பிள்ளைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஈரப் பாவாடையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, நான் அவளை நோக்கி ஓடினேன்.

அப்போதுதான் விமானத்தின் கதவில் ஓட்டுகிறவர் தெரிந்தார். அவர் கண் அத்தையின் தட்டைப் பார்த்தது. என்னைப் பார்த்தது. அவர் போட்ட சத்தம் இருக்கிறதே, எருமை கூட அப்படி அலறாது. இறங்கவில்லை, குதித்தார். அந்தக் காலோடு எப்படி ஓடினாரோ! எனக்கும் அத்தைக்கும் நடுவில் வந்து விழுந்து, தட்டை ஓங்கி ஓர் அடி அடித்தார்.

தட்டு பறந்தது. ஆரத்தித் தண்ணீர் அத்தையின் முகத்திலும் மாரிலும் ரத்தம் போல வழிந்தது. எரிகிற சூடம் மண்ணில் விழுந்தது. அவர் குப்புற விழுந்து அதன் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார்.

பெண்கள் ஐயோ என்று கூவினார்கள். பிறகு கூட்டம் கொதித்தது.

“அருமைக்காரி தட்டை அடிச்சுட்டான்டா!”

“காப்பாத்துன கைக்கு இதா கூலி? புடிங்கடா அவனை!”

அப்பாவைப் போலச் சாதுவான மனிதரை நான் கண்டதில்லை. அவர் கையில் நுகத்தடிக் குச்சி இருந்தது. அதை ஓங்கிக்கொண்டு ஓடி வந்தார். அவருக்குப் பின்னால் பத்துப் பேர் வந்தார்கள். ஒரே அடியில் அந்த மனிதர் தீர்ந்து போயிருப்பார். அவரோ ஒருவரையும் பார்க்கவில்லை. சூடத்தின் மேல் வைத்த கையை எடுக்கவே இல்லை. அவருடைய சதை கருகும் வாசனை வந்தது.

சித்தப்பாதான் முதலில் கவனித்தார். இரண்டு கையையும் விரித்துக் குறுக்கே நின்றார்.

“நில்லுங்கண்ணா! அடிக்காதீங்க! சூடத்தை அமுக்கிட்டாரு! பாருங்க, கையில அமுக்கிட்டாரு!”

அப்பாவின் கை மேலேயே நின்றது.

எங்கள் ஊரில் இதன் அர்த்தம் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். ஆடு திருட்டுப் போனால், வரப்புத் தகராறு வந்தால், கோயில் முன்னால் சூடம் ஏற்றுவார்கள். குற்றம் சாட்டப்பட்டவன் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்துவிட்டால் பேச்சு அதோடு முடிந்தது. பொய்ச் சத்தியம் செய்தவனைச் சாமி பார்த்துக்கொள்ளும், மனிதர்கள் தொடக்கூடாது.

“நாம இன்னும் ஒரு வார்த்தை கேக்கலையேடா” என்றது கூட்டத்தில் ஒரு குரல். “அதுக்குள்ள தானா சத்தியம் பண்றாரே!”

“எம்மேல குத்தமில்ல, எஞ்சினு கெட்டதுக்கு நானென்ன பண்றதுன்னு சொல்றாருப்பா.”

அவர் சூடத்திலிருந்து கையை எடுத்தார். எங்காவது பொறி மிச்சமிருக்கிறதா என்று சுற்றிலும் மண்ணைப் பட்பட்டென்று அடித்தார்.

“மண்ணத் தொட்டும் பண்றாரு!”

பிறகு அவர் என் பக்கம் திரும்பினார். என் பாவாடையைப் பார்த்தார். வேகமாக என் தலையில் கையை வைத்து, அழுத்திப் பின்னால் தள்ளிக்கொண்டே ஏதோ சொன்னார். கத்தினார். பெண்கள் வாயில் கை வைத்துக்கொண்டார்கள்.

“ஐயோ, புள்ள தலையில கை வெச்சுப் பண்றாரே!”

அப்பாவின் குச்சி கீழே விழுந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். “போதுமுங்க, போதுமுங்க! நாங்க நம்பறமுங்க! புள்ள மேல வேண்டாமுங்க!” என்று கெஞ்சினார். ஓட்டுகிறவர் கேட்கவில்லை. கரையைக் காட்டினார், கூட்டத்தைக் காட்டினார், மறுபடி கரையைக் காட்டினார். மூன்று சத்தியம் செய்த மனிதர் கை காட்டினால் மறுத்துப் பேச யாருக்குத் தைரியம் வரும்? “அக்கட்டால போகச் சொல்றாரு, நடங்க நடங்க” என்று சித்தப்பா எல்லோரையும் ஓட்டினார். பிரயாணிகளைத் தூக்கிக்கொண்டு மொத்த ஊரும் கரைமேல் ஏறியது. அவரையும் ஒரு கட்டிலில் வைத்துத் தூக்கி வந்தோம். கரைக்கு வந்த பிறகுதான் அவர் அழுதார். எல்லோரும் நம்பிவிட்ட பிறகு ஏன் அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

அத்தை முகத்தைக் கழுவவில்லை. ஆரத்திச் சிவப்போடு அவர் பக்கத்தில் போய் நின்றாள். என்ன செய்யப் போகிறாளோ என்று எல்லோரும் பார்த்தார்கள். அவர் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கை நடுவில் தோல் உரிந்து கிடந்தது. “இத்தனை அமுக்கோணுமா, கிறுக்கு மனுசா! தொட்டு எடுத்திருந்தாப் போதாதா?” என்று திட்டிவிட்டு, சோற்றுக்கற்றாழையை ஒடித்து வரச் சொல்லி அதன் சோற்றை வழித்து வைத்துக் கட்டினாள். அதோடு அவளுக்கு நேர்ந்த அவமானம் தீர்ந்தது. “சத்தியம் பண்ண எந்தட்டுத்தான் கெடச்சுது அவருக்கு” என்று பக்கத்துப் பெண்ணிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

எனக்கு மட்டும் ஒரு கவலை வந்து ஒட்டிக்கொண்டது. தலையில் கை வைத்துச் செய்த சத்தியம் பொய்யானால் அந்தத் தலை வெடித்துவிடும் என்று சித்தப்பாவின் பிள்ளைகள் சொன்னார்கள். அவர் செய்தது மெய்யா பொய்யா என்று எனக்கு எப்படித் தெரியும்? தலை ஏற்கெனவே வலித்துக்கொண்டிருந்தது. பெட்ரோல் வாசனையால் வந்த வலி அது. வெடிப்பதற்கு ஆரம்பம் என்று நான் நினைத்தேன்.

வெயில் சாயும் நேரத்தில் திருச்செங்கோட்டிலிருந்து போலீஸ் வேனும் ஒரு டாக்டரும் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் தமிழ்க்காரர், இங்கிலீஷ் தெரிந்தவர். அவர் இறங்குவதற்குள் அப்பா முன்னால் போய் நின்றார்.

“அவரு மேல ஒரு குத்தமும் இல்லீங்க எசமான்.”

“யாருய்யா சொன்னது?”

“சூடத்தை அமுக்கிச் சத்தியம் பண்ணிட்டாருங்க. மண்ணத் தொட்டுப் பண்ணிட்டாருங்க. எம்புள்ள தலையில கை வெச்சும் பண்ணிட்டாருங்க. இதுக்கு மேல என்னத்தங்க வேணும்?”

மொத்தக் கூட்டமும் ஆமாங்க ஆமாங்க என்றது. இன்ஸ்பெக்டர் ஒன்றும் புரியாமல் கட்டிலில் கிடந்தவரிடம் போனார். இருவரும் இங்கிலீஷில் வெகுநேரம் பேசினார்கள். பேச்சுக்கு நடுவில் அவர் என்னைக் காட்டினார். என் பாவாடையைக் காட்டினார். இன்ஸ்பெக்டர் நேராக என்னிடம் வந்து, குனிந்து, என் பாவாடை நுனியைத் தூக்கி மூக்கருகே வைத்து மோந்து பார்த்தார்.

எனக்கு உயிரே போய்விட்டது. துவைத்து நாளான பாவாடை. அவ்வளவு பெரிய மனிதர், அவ்வளவு பெரிய விபத்துக்கு நடுவில், என் பாவாடை அழுக்கைப் பற்றிப் போலீஸில் புகார் சொல்லியிருக்கிறாரே என்று அவமானமாக இருந்தது. ஆனால் தலை விஷயம் அதைவிடப் பெரிது. அறியாதவர்களிடம் வாய் திறக்காத நான், அன்று எப்படியோ கேட்டுவிட்டேன்.

“அவரு பண்ணுன சத்தியம் நெசந்தானுங்களா?”

“ஏன் கேக்கறே?”

“பொய்யா இருந்தா எந்தலை வெடிச்சுருமுங்க.”

இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. கட்டில் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, “நெசந்தான் கண்ணு. அத்தனையும் நெசம்” என்றார். உடனே எனக்குத் தலைவலி விட்டுவிட்டது.

அதன் பிறகுதான் அன்றைய வேடிக்கையிலேயே பெரிய வேடிக்கை நடந்தது. ஒரு போலீஸ்காரர் கம்பு நுனியில் துணியைச் சுற்றி, ஏரிக்குள் போய் அந்தத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு வந்தார். எல்லோரையும் தள்ளி நிற்க வைத்து, கரையில் ஒதுக்குப்புறமாகக் கம்பை நட்டார். இன்ஸ்பெக்டர், “பீடி பத்த வெச்சுக்கிட்டு இதுகிட்டப் போனா என்ன ஆகும்னு எல்லாரும் பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டுக் குச்சியைக் கிழித்து நீட்டினார்.

குச்சி துணியைத் தொடவே இல்லை. அதற்கு முன்பே, குப்பென்று ஆள் உயரத்துக்கு நெருப்பு எழுந்தது! துணியை மட்டுமில்லை, காற்றையே பிடித்து எரிந்தது. பெரியவர்கள் பின்னால் சாய்ந்தார்கள். நாங்கள் கை தட்டினோம். நான்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினேன். “இன்னொருக்கா! இன்னொருக்கா!” என்று குதித்தேன்.

அத்தை கை தட்டவில்லை. நெருப்பை ஒரு தரம் பார்த்தாள். என் பாவாடையைப் பார்த்தாள். கரைமேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

பிறகு என்னைத் தரதரவென்று வீட்டுக்கு இழுத்துப் போனாள். கிணற்றுத் தொட்டியடியில் பாவாடையை உருவி ஒரு குச்சியால் தூக்கிக் காட்டுக்குள் வெகுதூரம் வீசினாள். குடம் குடமாக என் மேல் தண்ணீர் ஊற்றினாள். போதும் என்றேன், நிறுத்தவில்லை. அது எனக்கு இருந்த நல்ல பாவாடை. துவைத்தால் அழுக்குப் போய்விடுமே என்று கேட்டதற்கு இன்னொரு குடத்தை என் தலையில் கவிழ்த்தாள்.

பொழுது இறங்கியது. அத்தை விளக்கு வைக்கவில்லை. அடுப்பும் பற்ற வைக்கவில்லை. விருந்தாளிகளை வேனில் ஏற்றிவிட்டுத் திரும்பிய அப்பா வாசலில் நின்று, “ஏனுங்கக்கா, வெளக்கு வெக்கலீங்களா?” என்று கேட்டார்.

“இன்னைக்கு ஒருநாளைக்கு உடு தம்பி” என்றாள்.

அப்பா கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். இருட்டில் பழைய சோற்றைக் கரைத்துக் குடித்தோம். எனக்கோ பேச்சு பொங்கிக்கொண்டு வந்தது. ஜன்னலில் பார்த்த முகத்தைச் சொன்னேன். சுட்ட தகரத்தைச் சொன்னேன். குப்பென்று பிடித்த நெருப்பைக் கையை விரித்து விரித்துக் காட்டினேன். என் வாழ்நாளில் நான் அவ்வளவு பேசியது அன்றுதான். அத்தை என்னை இழுத்து மடியில் உட்கார வைத்து, என் தலையில் கையை வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அவள் உதடு ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தது. என் பெயரா, சாமி பெயரா, எனக்குக் கேட்கவில்லை.

அத்தையும் எதற்கோ சத்தியம் செய்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். அப்போது அசைந்தால் பலிக்காது என்பதால், தூக்கம் வந்தும், வெகுநேரம் தலையை ஆட்டாமல் உட்கார்ந்திருந்தேன்.